சனிக்கிழமை லா ஷப்பல், ஞாயிறு லூவ்ரு

புதுச்சேரியில இருந்து பிரான்சுக்குப் படிக்கப் போற பிள்ளைங்களைப் பத்தி நம்ம ஊர்ல ஒரு கிண்டல் உண்டு. "பாரீசுக்குப் போயும் சோத்தைத் தேடி லா ஷப்பலுக்கு ஓடுறான்" என்பார்கள். இரண்டு வருஷம் அப்படி ஓடினவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தக் கிண்டல் தப்புங்க.

லா ஷப்பல், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கடை வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள். தட்டில் விழுவது கொத்து ரொட்டி, இடியாப்பம், சொதி. நம்ம வீட்டு மீன் குழம்பும் அதுவும் ஒண்ணா என்ன? புதுச்சேரிப் பையனுக்கு அதுவும் வெளியூர்ச் சாப்பாடுதான். கூடவே, அகதியாக வந்தவர் கதையும் தமிழிலேயே கேட்கக் கிடைக்கும்.

இன்னொரு கூட்டம் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்று இரண்டு நாளில் இரண்டு நாடு. போட்டோ, பர்கர், திங்கட்கிழமை வகுப்பில் தூக்கம். இதுல யாருங்க ஊர் பார்த்தது?

ஊர் சுத்தவே கூடாதுன்னு சொல்லலை. ஐரோப்பாவில் தங்கிப் படிக்கிற, 26 வயசு ஆகாத பிள்ளைகளுக்கு லூவ்ரு அருங்காட்சியகத்தில் டிக்கெட் இலவசம், இந்தியப் பாஸ்போர்ட் என்றாலும் சரி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மதியம் கலையும்போது போனால் பழம் மலிவாகக் கிடைக்கும். ஒரு பாகெத், கொஞ்சம் சீஸ், சேன் நதிக்கரை. போதுமே!

கடன் வாங்கி அனுப்பின காசு தம்பி. மெதுவா சாப்பிடு, மெதுவா பாரு.