பில் கேட்பது வெட்கமா?

மிக்சி வாங்கக் கடைக்குப் போகிறோம். பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். கடைக்காரர் சிரித்த முகத்தோடு பெட்டியைக் கட்டித் தருகிறார். "பில் வேண்டுமா?" என்று கேட்கிறார். "வேண்டாம், தெரிந்த கடைதானே!" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறோம்.

மூன்றாவது மாதம் மிக்சி நின்றுவிடுகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போகிறோம். இப்போது கடைக்காரர் முகத்தில் சிரிப்பு இல்லை. "எப்போது வாங்கினீர்கள்? பில் எங்கே?" என்கிறார்.

பில் இல்லை. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் இயந்திரக் குரல் பேசுகிறது. "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்கிறது. எல்லா எண்ணையும் அழுத்தியாயிற்று. மனிதர் குரல் மட்டும் வரவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஊருக்கு ஊர் நடக்கிற கதை.

நம் கிராமங்களுக்குப் பொருள்கள் வேகமாக வந்துவிட்டன. 2006-ம் ஆண்டு அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. 2011-ம் ஆண்டு மிக்சி, கிரைண்டர், மின் விசிறி கொடுக்கத் தொடங்கியது. செல்போன் வந்தது. பிரிட்ஜ் வந்தது. பொருள் வந்த வேகத்தில், அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் பழக்கம் வரவில்லை.

கணக்குக் கேட்ட ஊர்

கேள்வி கேட்பது நமக்குப் புதிது அல்ல. காஞ்சீபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூருக்குப் போய்ப் பாருங்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் இருக்கிறது. அதன் கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டியவை.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அதுதான் குடவோலை. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் இருந்தது. பொன்னின் மாற்றைப் பார்க்கப் பொன் வாரியம் இருந்தது.

அதில் ஒரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவர் மட்டும் அல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது!

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, "கணக்கைக் காட்டு" என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. அங்கே யாரும் வெட்கப்படவில்லை. "தெரிந்தவர்தானே" என்று விட்டுவிடவும் இல்லை.

அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதும் உண்மை. நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர், மறை படித்தவர், இப்படிப்பட்டவர்களுக்கே இடம். கணக்குக் கேட்கும் உரிமை சிலர் கையில்தான் இருந்தது. இன்று அப்படி இல்லை. ஒரு ரூபாய் கொடுத்துப் பொருள் வாங்கினாலும் கேள்வி கேட்கலாம். கூலித் தொழிலாளியும் கேட்கலாம். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த பாட்டியும் கேட்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-ல் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் வந்தது. 2020 ஜூலை முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

பொருளை விற்றுவிட்டுப் பில் கொடுக்காமல் இருப்பது முறைகேடான வாணிபம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பில் என்பது கடைக்காரர் நமக்குக் காட்டும் தயவு அல்ல. அவருடைய கடமை.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பல கடைகளில் பலகை தொங்குகிறது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொருளில் கோளாறு இருந்தால், பில்லில் குறித்த நாளுக்குள் திரும்பப் பெற வேண்டும். நாள் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் பெற வேண்டும். மறுத்தால் அதுவும் முறைகேடுதான். பலகை சட்டத்தை விடப் பெரியது அல்ல.

"பில் போட்டால் விலை கூடும், வரி சேரும்" என்று சிலர் சொல்லுவார்கள். பெட்டியின் மேல் அச்சடித்த அதிகபட்ச விலையைப் பாருங்கள். எல்லா வரியும் சேர்ந்ததுதான் அந்த விலை. அதற்கு மேல் ஒரு காசு கேட்கக் கூடாது. பில் இல்லாமல் 100 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால், யோசித்துப் பாருங்கள். அந்த 100 ரூபாய் நமக்கு லாபமா? இல்லை. அந்த 100 ரூபாய்க்காக வாரண்டியை விட்டுக்கொடுக்கிறோம்.

மனை வாங்கும் முன்

மிக்சி போனால் சில ஆயிரம் ரூபாய் போகும். மனையில் ஏமாந்தால் ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் போகும். மகள் நகையும் சேர்ந்து போகும்.

சாலை ஓரத்தில் வண்ணக் கொடிகள் பறக்கின்றன. வேன் வைத்து அழைத்துப் போகிறார்கள். சாப்பாடு போடுகிறார்கள். "இன்றே முன்பணம் கொடுத்தால் விலை குறைவு" என்கிறார்கள். அவசரப்படுத்துகிற இடத்தில் நாம் நிதானமாக இருக்க வேண்டும்.

2016-ம் ஆண்டு, அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரம் பதியச் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. மனை வாங்கியவர்கள் தவித்தார்கள். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டி மனையை வரன்முறை செய்ய வேண்டியிருந்தது. அனுமதி இல்லாமல் மனை போட்டு விற்றவர் ஒருவர். கட்டணம் கட்டியவர்களோ, பெரும்பாலும் வாங்கிய ஏழை எளியவர்கள்!

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் நான்கு காகிதங்களைக் கேளுங்கள். ஒன்று, மூலப் பத்திரம். இரண்டு, பட்டா. மூன்று, 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று. நான்கு, மனைப் பிரிவுக்கு அரசு கொடுத்த அனுமதி. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல், நிலத்தைப் பிரித்து விற்பவர் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விளம்பர நோட்டீசிலேயே பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லை என்றால் விலகி விடுங்கள்.

இன்னொன்று. உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிகள் நிறைந்த பூமி. மனையைச் சித்திரை வெயிலில் மட்டும் பார்க்காதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு தரம் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கும் என்று பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள். வேனில் வந்தவர் சொல்லாததை அவர் சொல்லுவார்.

வீடு கட்டும்போதும் இதே கதைதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று வாயால் பேசி முடிக்கிறோம். அஸ்திவாரம் முடிவதற்குள் முக்கால் பணம் போய்விடுகிறது. தளம் போடும்போது ஆளைக் காணோம். எந்த சிமெண்ட், எந்தக் கம்பி, எந்த வேலை முடிந்தால் எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று சுப்ரீம் கோர்ட்டு 1993-லேயே சொல்லிவிட்டது. வேலை சரியில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஆனால் அங்கே காட்டக் காகிதம் வேண்டும்.

யாரிடம் சொல்வது?

முதலில் கடைக்கோ கம்பெனிக்கோ எழுதிக் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையா? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்டத்திலேயே விசாரிப்பார்கள். வக்கீல் கட்டாயம் அல்ல. கம்பெனி பம்பாயில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதை மறக்கக் கூடாது.

அரசுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண வழக்கை 3 மாதத்திலும், பொருளைப் பரிசோதிக்க வேண்டிய வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவைக் காப்பாற்ற வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் நஷ்டம். வாய்தா மேல் வாய்தா போட்டால், "போனது போகட்டும்" என்று அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். ஏமாற்றுகிறவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். தாலுகா ஊர்களிலேயே குறை கேட்கும் முகாம்கள் நடத்தினால், பஸ் செலவாவது மிஞ்சும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பில்லைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தால், பிள்ளைகள் வழியாக வீடே தெரிந்துகொள்ளும்.

பில் கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்க வேண்டாம். நேர்மையான கடைக்காரர் கோபப்பட மாட்டார். கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுப்பார். அப்படிப்பட்டவர் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பில் கேட்கும் பழக்கம் அவர்களுக்கும் நல்லதுதான். ஏமாற்றுகிறவரிடம் போகும் வியாபாரம் அவர்களிடம் வந்து சேரும்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் பெரியவர்கள். வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தை அளக்காமல் கொடுக்கலாமா?

தாய்மார்களே, இன்றே ஒரு பழைய பையை எடுங்கள். வீட்டில் உள்ள பில்கள், வாரண்டி அட்டைகள், பத்திர நகல்கள் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள். நாளை ஒரு பொருள் பழுதானால், அந்தப் பைதான் உங்கள் பக்கம் பேசும்.