கயிறு பிடிக்க ஓர் ஆள்

2020-இல் கொரோனாவால் எங்கள் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவே பக்தர் கூட்டமின்றி நடந்தது. வீட்டிலிருந்தே நேரலையில் பார்த்தோம். அப்போது எல்லோரும் திரைக்கு முன்னால்தான், பேதமில்லை. இப்போது பாதிப் பேர் மண்டபத்தில், மீதிப் பேர் துபாயிலும் கொழும்பிலும் ஜூமில். சிக்கல் இங்கேதான்.

பணி ஓய்வு விழாவோ, பழைய மாணவர் சந்திப்போ, மண்டபத்தில் இருப்பவருக்கு மக்ரூனும் காபியும் வருகின்றன. ஜூமில் இருப்பவர் கையை உயர்த்தினாலும் யாரும் கவனிப்பதில்லை. மைக் இல்லாமல் கேட்கிற கேள்வி அவர் காதில் விழுவதில்லை. ஊருக்கு வர இயலாத முதியவருக்கு அதுவே கடைசிச் சந்திப்பாகவும் இருக்கலாம்.

பந்தலுக்கும் சமையலுக்கும் வீடியோவுக்கும் பணம் கொடுக்கிறோம். தொகுப்பாளர் என்றால் மட்டும், "நம்ம மாப்பிள்ள நல்லாப் பேசுவாம்லா, அவனையே நிப்பாட்டுவோம்" என்கிறோம்.

அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவருக்கு மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் இருந்தார். கயிறு அசைந்ததும் அவர் இழுத்துவிட வேண்டியிருந்தது. மச்சினனைத்தான் அதற்கு நம்பினார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். ஆனால் கயிறு பிடிக்கும்போது அந்த மச்சினனுக்கு வேறு வேலை இருந்ததில்லை. விழாவில் நம் மச்சினனுக்கு ஆயிரம் வேலை: பந்தி, போட்டோ, வரவேற்பு.

ஆகவே அதற்கென்றே ஓர் ஆளைக் கூலி கொடுத்து வையுங்கள். மண்டபத்தில் கேட்ட கேள்வியை அவர் மைக்கில் திருப்பிச் சொல்லட்டும். திரையில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். இணைப்பு அறுந்தால் சமாளிக்கட்டும். முந்தின நாளே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். தூரத்தில் இருப்பவரும் நம் விருந்தாளிதான்.