எந்த எலியை நம்பச் சொல்கிறீர்கள்?

ஒட்டாத வாணலியின் பூச்சைத் தயாரிக்கப் பல்லாண்டு பயன்பட்ட வேதிப்பொருள் பி.எஃப்.ஓ.ஏ. அதைப் பற்றி அடிக்கடி கேட்கும் வாதம் இது: ஆய்வக எலி அதைச் சிறுநீரில் விரைவாகக் கழித்துவிடுகிறது, எனவே குடிநீரில் சிறிதளவு கலந்தாலும் மனித உடல் சமாளித்துக்கொள்ளும்.

முதலில், எந்த எலி? பெண் எலியின் உடலில் அதன் அளவு பாதியாகச் சில மணி நேரம் போதும். அதே இனத்து ஆண் எலிக்குப் பல நாட்கள் வேண்டும். சிறுநீரகம் வடிகட்டியதை மீண்டும் இரத்தத்துக்குள் இழுக்கும் கடத்திப் புரதம் ஆண் எலியில் மிகுதி. அதை ஆட்டுவிப்பது டெஸ்டோஸ்டிரோன். விரை நீக்கப்பட்ட ஆண் எலி வேகமாகக் கழிக்கத் தொடங்குகிறது. ஓர் இனத்துக்குள்ளேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு வேறுபாடு. அப்படியிருக்க, மனிதனுக்கான முடிவை எலியிடமிருந்து எப்படி எடுக்க முடியும்?

இரண்டாவது, எலியைவிட மனிதனுக்கு நெருக்கமான குரங்கின் உடலில் அதன் அளவு பாதியாக ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டும்.

மனிதருக்கு? ஓய்வுபெற்ற அமெரிக்க ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். பாதியாகக் குறையச் சராசரியாக 3.8 ஆண்டுகள் ஆயின. மணிக்கணக்கு எங்கே, ஆண்டுக்கணக்கு எங்கே!

மூன்றாவது, 'சிறிதளவு' என்ற சொல். குடலில் பி.எஃப்.ஓ.ஏ. எளிதில் உறிஞ்சப்படுகிறது. தினமும் உள்ளே வருவது மெல்லவே வெளியேறினால், மிச்சம் சேராமல் எங்கே போகும்? மாசடைந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவரின் இரத்தத்தில் நீரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு செறிவு சேர்கிறது.

சேர்ந்தது என்ன செய்யும்? அப்படி மாசடைந்த நீரைக் குடித்த, மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் சுற்றுவட்டார மக்களை ஆராய்ந்த அறிவியல் குழு, சிறுநீரகப் புற்றுநோய்க்கும் விரைப் புற்றுநோய்க்கும் பி.எஃப்.ஓ.ஏ.வுடன் தொடர்பிருக்க வாய்ப்பு மிகுதி என 2012இல் அறிவித்தது. 2023இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது.