பூச்சிக்குச் சிலை வைத்த ஊர்

பயிரைத் தின்ற பூச்சிக்கு யாராவது நன்றி சொல்லிச் சிலை வைப்பாங்களா? அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் என்டர்பிரைஸ் என்கிற சின்ன ஊர் வச்சிருக்கு. கடைத்தெரு நாற்சந்தியில் நீரூற்று, அதன் நடுவில் கிரேக்கத் தேவதை மாதிரி ஒரு பெண். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, பெரிய கூன்வண்டு ஒன்றை ஏந்தி நிற்கிறாள். ஊர் வியாபாரி போன் ஃபிளெமிங் சொன்ன யோசனை இது. 1919 டிசம்பர் 11-ல் திறந்தாங்க. வண்டைச் செஞ்சு அவள் கையில் வச்சது 1949-ல்தான்.

"கஷ்டம் வந்தால்தான் விவசாயி மாறுவான்" என்று பேசுறவங்களுக்கு இந்தச் சிலை நல்ல உதாரணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லைங்க. காரணம் சொல்றேன்.

இந்தப் பருத்திக் கூன்வண்டு மெக்சிகோவில் இருந்து 1890-களில் டெக்சாஸுக்குள் நுழைந்தது. பருத்திச் சப்பையிலும் பிஞ்சுக் காயிலும் நீள மூக்கால் துளை போட்டு முட்டை வைக்கும். புழு உள்ளே உட்கார்ந்தே தின்னும், சப்பை கொட்டிப் போகும். உள்ளே இருக்கிற புழுவுக்கு மருந்து எட்டாது. 1915-ல் என்டர்பிரைஸ் இருக்கிற காஃபி கவுண்டிக்கு வந்து சேர்ந்தது. பருத்தியைத் தவிர வேற பணப்பயிர் அதிகம் பார்க்காத பூமி அது.

ஏன் வேற பயிருக்குப் போகலை? சோம்பேறித்தனமா? அந்தக் காலத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் விதைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் கடன் கொடுத்தவங்க, வரப்போகிற பருத்தியைத்தான் ஈடாகக் கேட்டாங்க. வேற பயிர் போட்டால் கடன் கிடையாது. வாரத்துக்கு உழுதவனுக்கு, அதிலும் கறுப்பின விவசாயிக்கு, பயிரைத் தேர்ந்தெடுக்கிற உரிமையே கிடையாது.

மாற்றம் எப்படி வந்தது? எச். எம். செஷன்ஸ் என்கிற ஊர்க்காரர் நிலக்கடலையைக் கொண்டுவந்தார். 1916-ல் கடனில் மூழ்கிக் கிடந்த சி. டபிள்யூ. பாஸ்டன் என்கிற விவசாயியைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். அந்த முதல் வெள்ளாமையிலேயே கடன் அடைந்தது. விளைந்த கடலையை மற்ற விவசாயிகள் விதைக்கு வாங்கிப் போனாங்க. அதே மாநிலத்தில் டஸ்கீகி என்கிற ஊரில், அடிமைக் குடும்பத்தில் பிறந்த விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், பருத்தி போட்டுச் செத்த மண்ணுக்குக் கடலை போடச் சொல்லிப் பல வருஷமா எழுதிக்கிட்டு இருந்தார். கடலை வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து தரும் என்பது நமக்குத் தெரிஞ்சதுதான். 1917-லேயே நாட்டில் அதிகமா நிலக்கடலை விளைகிற கவுண்டி என்று அது பேர் எடுத்தது.

ஆக, வண்டு செய்தது அழிவு மட்டும்தான். தூக்கி விட்டது, விதையையும் நஷ்டத்தையும் பங்கு போட்டுக்கொள்ள முன்வந்த ஆட்கள். அந்த நாற்சந்தியில் அவங்களுக்கு இடம் கிடைக்கலை. வண்டுக்குப் பிறகு பிழைப்பில்லாமல் தென் மாநிலங்களை விட்டு வடக்கே போன ஆயிரக்கணக்கான வாரக் குடிகளும் அந்தச் சிலையில் இல்லை. பிழைத்து நின்றவங்க எழுதிய நன்றி அது.

1998-ல் யாரோ அந்தச் சிலையைப் பெயர்த்து உடைச்சுட்டாங்க. இப்போ நாற்சந்தியில் நிற்பது நகல். அசல் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கு.

நகரத்தில் இருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்பது: "நெல்லையும் கரும்பையும் விட்டுட்டு மாற்றுப் பயிர் போட்டால் என்ன?" போடலாம், தாராளமா. முதல் வருஷம் விதை யார் தருவாங்க, விளைந்ததை யார் வாங்குவாங்க, நட்டம் வந்தால் யார் தோள் கொடுப்பாங்க? இந்த மூணுக்கும் பதில் இருந்தால், எங்களை மாற்ற எந்தப் பூச்சியும் வர வேண்டியதில்லை.