பொத்தானும் புள்ளடியும்



இந்த இதழுக்கு வந்த கதைகளில் ஒன்று எங்கள் ஆசிரியர் குழுவை நன்றாகவே சண்டை பிடிக்க வைத்தது. எழுதியவர் மூதூரைச் சேர்ந்த ஓர் இளைஞர். கதை நடப்பது அமெரிக்காவில், 2000ஆம் ஆண்டு நவம்பரில். ஆனால் உலகம் கண்ட தேர்தல் அல்ல அது. கணினி வைத்திருப்பவர் எல்லோரும் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வாக்களிக்கிறார்கள். வாக்குச்சாவடிப் பக்கமே தலை காட்டாத பல்கலைக்கழகப் பிள்ளைகள் இராச்சாமத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். அல் கோர் ஜனாதிபதியாகிறார். ஈராக் யுத்தம் வராமலே போகிறது.

“திருகோணமலையிலிருந்து வரும் சஞ்சிகைக்கு அமெரிக்கத் தேர்தல் எதற்கு? அதுவும் நடக்காத தேர்தல்!” என்று குழுவில் மூத்தவர் முகம் சுளித்தார். எனக்கோ கதை பிடித்துப்போயிற்று. உள்ளே பிரசுரித்திருக்கிறோம், வாசித்துப் பாருங்கள். மூத்தவரின் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். தம்பி முழுவதும் கற்பனையில் மிதக்கவில்லை. 2000 மார்ச்சில் அரிசோனா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளர் தெரிவை இணையத்திலும் நடத்தியது. ஏறத்தாழ 86,000 பேர் வாக்களித்தார்கள். அவர்களில் 35,000க்கு மேற்பட்டோர் வாக்குச்சாவடிக்குப் போகாமல் இணையத்திலேயே. வாக்களிப்பு முடிய முன்னரே எதிர்த்து நின்ற பில் பிராட்லி போட்டியிலிருந்து விலகிவிட்டதால், கோர் வென்றது பெரிய செய்தியாகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில், வெளிநாட்டில் இருந்த படையினருக்கும் குடிமக்களுக்குமாக அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் சிறியதொரு பரீட்சார்த்தம் செய்தது. இணையவழியே வாக்களித்தவர்கள் மொத்தம் 84 பேர். முடிவைத் தீர்மானித்த புளோரிடா மாநிலத்தில் ஜோர்ஜ் புஷ் கோரை வென்ற வித்தியாசம் 537 வாக்குகள். கதைக்குத் தீப்பொறி எங்கிருந்து கிடைத்தது என்று இப்போது விளங்கும்.

அந்த 537க்குப் பின்னால் எங்கள் துறைமுகவாசிகளுக்கு ருசிக்கக்கூடிய சங்கதி ஒன்று இருக்கிறது. அந்தத் தேர்தலை உண்மையில் தீர்த்து வைத்தவர்கள் நாட்டில் இல்லாதவர்கள். கடல் கடந்து வந்த தபால் வாக்குகளை எண்ணுவதற்கு முன் புஷ் 300 வாக்குகளால் முன்னணியில் இருந்தார். எண்ணியபின் அது 930 ஆயிற்று. தேர்தல் நாளுக்குப் பிறகு எண்ணப்பட்ட வெளிநாட்டு வாக்குகளை முழுவதும் கழித்துவிட்டால் கோர் 202 வாக்குகளால் வென்றிருப்பார் என்று நியூயோர்க் டைம்ஸ் பின்னர் கணக்குக் காட்டியது. பிந்தி வந்த அந்த உறைகளில் பல, போர்க்கப்பல்களிலிருந்து மாலுமிகள் அனுப்பியவை. தபால் முத்திரை இல்லாதவற்றை ஏற்பதா தள்ளுவதா என்றே பெரிய பிடுங்குப்பாடு நடந்தது.

2018 ஓகஸ்டில் யூ.எஸ்.எஸ். ஆங்கரேஜ் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்து நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதிலிருந்த மாலுமி ஒருவர் நடுக்கடலில் இருந்துகொண்டே தன் நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவுசெய்யலாம். அதற்குச் சட்டம் இருக்கிறது. கொட்பேயிலிருந்து பலநாள் மீன்பிடிக் கலத்தில் போகிற எங்கள் ஆட்களுக்கு அந்த வழி இல்லை. வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்பவருக்கு வாக்களிப்பு நாள் கரையில் நடக்கும் ஒரு விஷயம், அவ்வளவுதான். தபால்மூல வாக்கு அரச ஊழியருக்கும் படையினருக்கும் உண்டு, மீனவருக்கு இல்லை. குவைத்திலும் கட்டாரிலும் வீட்டுவேலைக்கும் சாரதி வேலைக்கும் போயிருக்கிற கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளுக்கும் இல்லை. அவர்கள் அனுப்பும் டொலர் நாட்டுக்கு வேண்டும். வாக்கு வேண்டுமென்றால் விமானச்சீட்டு எடுத்து வரவேண்டும். 2019இலும் 2024இலும் அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பொத்தான் வாக்கு வேண்டும் என்று யாராவது கேட்டால் சிரித்துத் தள்ள நான் தயாரில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். தேர்தலும் ‘இப்படி நடந்திருந்தால்’ என்ற கேள்வியும் சேர்ந்து வரும்போது, இந்த மாவட்டத்தில் நாற்பது வயது கடந்த எவருக்கும் புளோரிடா ஞாபகம் வராது. 2005 நவம்பர் 17தான் வரும்.

அந்தத் தேர்தலில் மகிந்த ராஜபக்ஷவுக்கு 4,887,152 வாக்குகள், ரணில் விக்கிரமசிங்கவுக்கு 4,706,366. வித்தியாசம் 180,786. இந்தத் தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறை இல்லை என்று விடுதலைப் புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கூட்டாக அறிவித்திருந்தார்கள். வாக்களிப்பு நாளில் அந்த அறிவிப்பு வீதியில் மறியலாகவும் எரிகிற ரயராகவும் நின்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவு பெற்றிருந்தவர்கள் 701,938 பேர்; வாக்களித்தவர்கள் 8,524. நூற்றுக்கு 1.21. திருகோணமலையில் ஓரளவு வாக்களிப்பு நடந்தது. ரணில் 61 வீதத்துக்கு மேல் எடுத்தார். ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களுக்கு வாக்குப்பெட்டி போகவில்லை. அங்கிருந்தவர்கள் எல்லை தாண்டி, கொத்தணி வாக்கெடுப்பு நிலையங்களுக்கு வரவேண்டியிருந்தது. சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த நடை எவ்வளவு தூரம் என்பதைக் கிலோமீற்றரில் மட்டும் அளக்க முடியாது.

அன்றிலிருந்து எங்கள் தேநீர்க்கடைகளில் ஒரு மாற்று வரலாறு ஓடிக்கொண்டே இருக்கிறது. வடக்கு வாக்களித்திருந்தால் ரணில் வந்திருப்பார், ரணில் வந்திருந்தால் யுத்தம் வந்திராது. எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம்! ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் வாக்களித்த சொற்பப் பேரில் ரணிலுக்கு நூற்றுக்கு 70, மகிந்தவுக்கு 25. அதே வீதத்தில் இன்னும் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் வந்திருந்தால்தான் அந்த 180,786 நிரம்பும். அப்போதைய யாழ்ப்பாண வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த எத்தனையோ பேர் கனடாவின் ஸ்காபரோவிலும் பாரிஸின் லா சப்பலிலும் இருந்தார்கள். சிலர் உயிரோடேயே இல்லை. வன்னியையும் சேர்த்துக்கொண்டால் நடந்திருக்கக்கூடியதுதான். கடைவாசலில் சொல்வதுபோல் கையைத் தட்டியவுடன் நடந்திருக்கக்கூடியது அல்ல.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. மகிந்த பாதிக்கு மேல் எடுத்தது சுமார் 28,600 வாக்குகளால் மட்டும். யாழ்ப்பாணத்தின் அதே வீதத்தில் 1 இலட்சத்து 15 ஆயிரம் பேர் கூடுதலாக வாக்களித்திருந்தாலே அவர் 50 வீதத்துக்குக் கீழே இறங்கியிருப்பார். முதல் எண்ணிக்கையில் வெல்லத் தேவையான பாதிக்கு மேற்பட்ட வாக்கு ஒருவருக்கும் கிடைக்காமல் இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணவேண்டி வந்திருக்கும். இந்த நாடு அதை முதன்முதலில் கண்டது 2024 செப்டெம்பரில், அநுர குமார திசாநாயக்க 42.31 வீதத்தோடு நின்றபோது. 2005இன் அந்தப் பதற்றத்தில், வடக்குக்கு மறுவாக்கெடுப்புக் கேட்டு அது மறுக்கப்பட்ட சூழ்நிலையில், இரண்டாம் எண்ணிக்கை ஒன்று எப்படி நடந்திருக்கும்? இதற்கு ஒரு கதை எழுதலாம். யாராவது எழுதுங்களேன்.

கணக்கு அதுவரைதான் வரும். அதற்கு அப்பால் 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். யூலையில் மாவிலாற்றுக் கதவு பூட்டப்பட்டது. ஓகஸ்டில் மூதூர் சனம் உயிர் தப்பக் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியது. வேறு ஒருவர் அலரி மாளிகையிலோ ஜனாதிபதி மாளிகையிலோ இருந்திருந்தால் இவை நடந்திருக்காதா? சமாதானப் பேச்சுகள் 2003இலேயே நின்றுபோயிருந்தன. கிழக்கில் புலிகள் இயக்கம் 2004இலேயே பிளந்துபோயிருந்தது. என்னால் அந்த ‘இருந்தால்’ பக்கம் துணிந்து போக முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இருந்து யாராவது அப்படிக் கேட்டால், அது கேட்க உரிமையுள்ள கேள்வி. நாங்கள் தேநீர்க் கோப்பையோடு கேட்பது வேறு.

சரி, மூதூர்த் தம்பியின் பொத்தானை 2005க்குக் கொண்டுவருவோம். அன்று ஒவ்வொருவர் கையிலும் இன்றைய தொலைபேசி இருந்திருந்தால்? மறியலைத் தாண்ட வேண்டாம், ரயர்ப் புகைக்குள் போகவேண்டாம், எல்லைக் காவலரணில் அட்டையைக் காட்ட வேண்டாம். அறையைப் பூட்டிக்கொண்டு அழுத்தினால் சரி. கேட்க நன்றாயிருக்கிறது, இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

யோசித்தால் சரிவரவில்லை. பயமுறுத்துகிறவருக்கு வீதியில் ரயர் எரிக்கும் வேலை மிச்சமாகியிருக்கும். வீட்டுக்கு வந்து, “தங்கச்சி, போனைக் கொஞ்சம் தா” என்று கேட்டால் போதும். எந்தப் பக்கத்து ஆயுததாரியும் கேட்கலாம். ஆயுதமே வேண்டாம், மாமா கேட்கலாம், முதலாளி கேட்கலாம், கடன் கொடுத்தவர் கேட்கலாம். வாக்குச்சாவடியில் அந்த மட்டை மறைப்புக்குள் நுழைகிறவரைப் பின்தொடர யாருக்கும் அனுமதி இல்லை. புருஷனோடு ஒரே முச்சக்கரவண்டியில் வந்த பெண்ணும் அங்கே தனியாகத்தான் நிற்பாள். 2024இல் வாக்குச்சீட்டு 27 அங்குலம் நீளம். அதை மடிக்கத் தெரியாமல் தடுமாறிய கிழவிகளை நானும் கண்டேன். உள்ளே போய்ப் புள்ளடி போட்டு, சீலையைச் சரிசெய்து, சீட்டைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்த ஒருவரிடம் மகன் கேட்கிறான், “அம்மா, சொன்ன ஆளுக்குத்தானே?” அவ தலையை ஆட்டுகிறா. ஆட்டிய தலைக்கும் போட்ட புள்ளடிக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் வீடுகளில் பல பெண்களுக்கு அந்த அரை நிமிடத்தைப் போல் இன்னொன்று கிடைப்பதில்லை.

இந்தச் சிக்கலுக்கு எஸ்தோனியாக்காரர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2005இலிருந்தே அங்கு இணையத்தில் வாக்களிக்கலாம். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் அப்படித்தான் விழுந்தன. ஒருவர் எத்தனை முறையும் மாற்றி மாற்றி வாக்களிக்கலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. நேரில் போய்க் காகிதத்தில் போட்டுவிட்டால் இணைய வாக்கு இரத்தாகும். மாமா முன்னால் ஒன்று, மாமா போனபின் ஒன்று. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் நாட்டில் எல்லோர் கையிலும் இலத்திரனியல் அடையாள அட்டை இருக்கவேண்டும், அரசாங்கத்தின் கணினியைச் சனம் நம்பவும் வேண்டும். இரண்டாவதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கணினியை நம்புவதைப் பற்றி ஒரு வேடிக்கை. 2010இல் வொஷிங்டன் நகரம் தன் இணைய வாக்களிப்பு முறையைத் திறந்துவிட்டு, முடிந்தால் உடைத்துப் பாருங்கள் என்றது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 48 மணித்தியாலத்துக்குள் உள்ளே புகுந்தார்கள். போட்ட வாக்குகளை எல்லாம் மாற்றினார்கள். பாடசாலைச் சபைக்குக் கார்ட்டூன் ரோபோ ஒன்றைத் ‘தெரிவு’ செய்தார்கள். வாக்களித்து முடிக்கிறவருக்குத் தங்கள் பல்கலைக்கழகப் பாட்டு ஒலிக்கும்படியும் வைத்துவிட்டுப் போனார்கள். நகரசபை ஆட்கள் விழித்துக்கொள்ளச் சுணங்கியது.

தம்பியின் கதையில் எனக்கு இருக்கும் ஒரேயொரு குறையும் இந்த நம்பிக்கை பற்றியதுதான். திரையில் முடிவு வந்தவுடன் எல்லோரும் நித்திரைக்குப் போய்விடுகிறார்கள். புஷ் ‘திரும்ப எண்ணு’ என்று கேட்டிருந்தால் எதை எடுத்து எண்ணுவார்கள்? நிஜப் புளோரிடாவில் அதிகாரிகள் துளையிட்ட அட்டையைக் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை முழுதா அரையா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகமே சிரித்தது. உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்று பிரிந்து அதை நிறுத்தும் வரைக்கும் பார்த்தார்கள். சிரிப்புக்கிடமானதுதான், ஆனால் பார்ப்பதற்கு ஏதோ ஒன்று கையில் இருந்தது. இங்கும் கட்சி முகவர்கள் எண்ணும் மேசையைச் சுற்றி இரா முழுக்க நின்று, ஒரு கோணல் புள்ளடிக்காக அரை மணித்தியாலம் வாதாடுவார்கள். தோற்கப்போகிறவரின் முகவர் கண்ணால் கண்டு தோற்கிறார். ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் சொன்னதும் ஏறக்குறைய இதுவே: நிபுணத்துவ அறிவு இல்லாத சாதாரண குடிமகனும் சரிபார்க்கக்கூடியதாக வாக்கு எண்ணிக்கை இருக்கவேண்டும். வாக்கு இயந்திரங்களை அங்கே அதோடு ஒதுக்கினார்கள்.

அதனால் கடலில் நிற்பவருக்கும் கட்டாரில் நிற்பவருக்கும் என் ஆதரவு முன்கூட்டிய வாக்களிப்புக்குத்தான்: கலம் புறப்பட முன் இங்கே ஒரு பெட்டி, தூதரகத்தில் ஒரு பெட்டி, இரண்டிலும் அந்த மட்டை மறைப்பு. பேச்சு நெடுநாளாக நடக்கிறது, சட்டம்தான் வரவில்லை. இதில் எனக்கு மாறுபட்ட கருத்துள்ளவர்கள், குறிப்பாக இளையவர்கள், தாராளமாக என்னோடு சண்டைக்கு வரலாம்; இடம் ஒதுக்கித் தருகிறேன்.

இன்னொரு வேண்டுகோள். 2005 நவம்பர் 17 அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வாக்களிக்கப் போனீர்களா, பாதி வழியில் திரும்பினீர்களா, வேண்டாம் என்று நீங்களாகவே தீர்மானித்து வீட்டில் இருந்தீர்களா? சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்தவர்களின் கடிதங்களை முக்கியமாக எதிர்பார்க்கிறோம். கொப்பித் தாளில் எழுதினாலும் சரி, போனில் குரலாகப் பதிந்து அனுப்பினாலும் சரி, நாங்கள் எழுதிக்கொள்வோம். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதை மட்டும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்