கோபுர தரிசனம் போதும் என்றவர்கள்

'கோபுர தரிசனம் கோடிப் புண்ணியம்' என்று சொல்லி வைத்தவர்களுக்கு அதில் ஒரு வசதி இருந்தது. வாசலில் நிறுத்தி வைத்தவர்களிடம், அங்கிருந்தே பார்த்துக் கும்பிட்டுக்கொள், அதுவே போதும் என்று சொல்லிவிடலாம். மதுரை தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி. எவ்வளவு தள்ளி நிறுத்தினாலும் தெரியும்!

போன மாதம் கல்லூரி மாணவர்கள் சிலரோடு சித்திரை வீதியைச் சுற்றி வந்தேன். அங்கே ஒரு சுற்றுலா வழிகாட்டி 1939 ஜூலை 8-ஐ ஒரே வரியில் முடித்தார்: "வைத்தியநாத ஐயர் அரிசனங்களை உள்ளே கூட்டிட்டுப் போனார்." கூட்டிப் போனவருக்குப் பெயர் இருக்கிறது. போனவர்களுக்கு? எங்கள் மாணவர்களில் ஒருவர் மட்டும் கக்கன் என்றார். அதுவும் அவர் பின்னால் அமைச்சரானதால் தெரிந்த பெயர். முருகானந்தம், சின்னையா, முத்து என்ற பெயர்களை யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

ஐயரின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. பட்டர்கள் சிலர் பூசைக்கு வர மறுத்தார்கள். சனாதனிகள் மீனாட்சிக்கு வேறு இடத்தில் தனிக் கோயிலே வைத்தார்கள். நுழைவை ஆதரித்தவர்களைப் பாதுகாக்க ராஜாஜி அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே கால் வைத்தவர்கள் அன்று மாலை எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போனார்கள், அங்கே என்ன எதிர்கொண்டார்கள் என்று நம் பாடநூல்கள் கேட்பதில்லை. உரிமையைக் கருணையாக எழுதினால் இப்படித்தான் ஆகும். வாங்கியவர் பெயர் தேவைப்படாது, கொடுத்தவர் பெயர் போதும்.

இதே கோயில் 2017-இல் நாட்டின் சிறந்த தூய்மைத் தலமாகத் தேர்வானது. ஊரே பெருமைப்பட்டது. அந்தத் தூய்மையை விடிவதற்குள் செய்து முடிப்பவர்கள் எந்தச் சாதி என்று எந்த மேடையிலும் பேச்சில்லை. தோழர்களே, ஒருநாள் காலை 5 மணிக்கு அங்கே போய் நின்று பாருங்கள். சமூகவியல் வகுப்பில் இரண்டு வருடம் படித்தது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

அன்று பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடம், "உள்ளே போய்க் கும்பிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் தடுக்கல தம்பி. ஆனா வேலை முடிஞ்சு இந்த நாத்தத்தோட எப்படிப் போறது? குளிக்க, துணி மாத்த ஒரு ரூம் கேட்டுக்கிட்டே இருக்கோம்."