பழைய வண்டிதானேன்னு தள்ளிடாதீங்க!

மாமனார் 1994-ல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100, அவர் காலமானபின் திண்ணை ஓரம் தூசி படிந்து கிடந்தது. இடத்தை அடைக்கிறதே என்று, பழைய இரும்புக்காரர் கேட்ட ஆறாயிரத்துக்கே கொடுக்க இருந்தேன். எதிர்வீட்டுத் தம்பி ஓடிவந்து, 'அவசரப்படாதீங்க அக்கா! 1996-லேயே இந்த வண்டி தயாரிக்கிறதை நிறுத்திட்டாங்க. நல்லா இருந்தா லட்ச ரூபாய்க்கு மேலகூட குடுத்து வாங்குறாங்க' என்றான். அசந்துபோனேன்!

விசாரித்தால், ஆர்.சி. புத்தகம் இறந்தவர் பெயரிலேயே இருக்கக் கூடாதாம். படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகே விற்க வேண்டுமாம். மாமியார் பெயருக்கு மாற்ற ஏற்பாடு செய்கிறோம். விற்பதா, வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.

சகோதரிகளே, பெயர் மாற்றாமல் கொடுத்துவிட்டால், வாங்கியவர் எங்கே மோதினாலும் போலீஸ் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டும். வண்டி விஷயம் ஆம்பளைங்க சமாசாரம் என்று ஒதுங்காமல், விலையையும் காகிதத்தையும் நாமும் தெரிஞ்சு வச்சுக்கலாமே!

— ஒரு வாசகி, முதலியார்பேட்டை, புதுச்சேரி.